ஐந்தாவது அட்மிஷன்

மாலை ஐந்து மணிக்குள் இன்னும் ஒரே ஒரு அட்மிஷன் வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று டீன் சொல்லிவிட்டார். நல்லூர், கம்மாபுரம் என்று பைக்கில் அலைந்து நாலு பேரைப் பிடித்தாயிற்று. பட்டியலில் மிச்சமிருந்தது இனியா என்ற பெயர் மட்டும்தான். அந்தப் பெண்ணைச் சேர்க்காமல் இந்தப் பீங்கான் பட்டறையை விட்டு நகர்வதில்லை என்று சபதமே போட்டிருந்தார் மெக்கானிக்கல் உதவிப் பேராசிரியர் விருத்தகிரி.

"எங்க யுனிவர்சிட்டில பாதி ஃபீஸ் தள்ளுபடிங்க," என்று பட்டறை முதலாளியும் இனியாவின் அம்மாவுமான வீரம்மாளிடம் ஆரம்பித்தார்.

"ஆடித் தள்ளுபடியா? இன்னும் ஆடியே பொறக்கலீங்களே," என்றாள் வீரம்மாள்.

"லைப்ரரியப் பாருங்க, அஞ்சு மாடி!" என்று நோட்டீஸை நீட்டினார்.

இனியா எட்டிப் பார்த்தாள். "இதே போட்டோ இன்னும் ரெண்டு காலேஜு நோட்டீஸ்ல இருக்குது சார். மூணுத்துக்கும் ஒரே லைப்ரரியா?"

இதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? "வேலை நூத்துக்கு நூறு கேரண்டி!"

"வேல கெடச்ச ஒரு புள்ளயக் காட்டுங்க, பாப்போம்," என்றாள் வீரம்மாள்.

விருத்தகிரி தன் பழைய மாணவன் திருமாலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "திருமால், வேலைல இருக்கியாப்பா?"

"சூப்பர் வேல சார்! நம்ம யுனிவர்சிட்டிலயே எடுத்துக்கிட்டாங்க. கருவேப்பிலங்குறிச்சில அட்மிஷன் புடிச்சிக்கினு இருக்கேன். உங்க வூட்ல யாராச்சும் பிளஸ் டூ முடிச்சிருக்காங்களா சார்?"

வீரம்மாள் சிரிக்கக்கூட இல்லை. பதினோரு வருஷம் ஒழுங்காகப் பாடம் நடத்தியவருக்கு அவமானமாகத்தான் இருந்தது.

"சூளை ஏத்துற நேரம். பேசணும்னா கைவேலையோட பேசுங்க," என்று அவள் எழுந்தாள்.

செய்தால் போயிற்று! கழுத்து நாடாவில் அடையாள அட்டை ஆட, சட்டைக் கையை மடித்துவிட்டார். சுடாத யானைப் பொம்மைகள் பலகை பலகையாக அடுக்கியிருந்தன. இரண்டை அவசரமாகத் தூக்கினார். தும்பிக்கைகள் மட்டும் கையோடு வந்தன.

ஒட்டிவிடலாம் என்று தண்ணீர் தொட்டார், காதும் கரைந்தது. யாரும் பார்ப்பதற்குள் திருப்பி வைக்கப் போனார். முழங்கை இடித்துப் பலகையே சாய்ந்தது. பதினாறு யானைகள் போயின.

சூளையில் அடுக்கிக்கொண்டிருந்த பட்டறை ஆள் நடராசன் இறங்கி வந்தார். இடுப்பில், எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு அடையாள அட்டை நாடாவில் சாவி தொங்கியது.

"பலகைக்கு அடியில கை குடுங்க சார். காஞ்ச மண்ணுல ஈரம் பட்டா ஒரு பக்கம் மட்டும் உப்பும், அதான் வெடிக்குது. முக்கியமான பாயிண்ட்டு, நல்லா மனசுல வச்சிக்கங்க."

விருத்தகிரி நல்ல மாணவராகத் தலையாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது பலகை ஏற்றினார். ஒரு யானைக்கும் கீறல் இல்லை. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். இதற்கு மேல் எந்தத் தாய் மறுப்பாள்?

"அம்மா, இனியா பேர எழுதிக்கட்டுங்களா?"

"அது அரசு காலேஜ்ல சேந்து பத்து நாளாவுதுங்களே."

"அப்ப எதுக்கும்மா மத்தியானத்துலேர்ந்து என்னைய இந்தப் பாடு படுத்துனீங்க?"

வீரம்மாள் அடுக்கிய பலகைகளை நிதானமாகப் பார்த்தாள். "கை நல்லாத் திருந்தியிருக்குது. திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துடுங்க."

பையில் போன் அலறியது, டீன்தான். விருத்தகிரி எடுக்கவில்லை. நடராசன் அவர் தோளில் கை வைத்து, சூளைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு ஆட்களைக் காட்டினார்.

"பயப்படாதீங்க சார், நாங்க மூணு பேருமே இனியா பாப்பா பத்தாவது படிக்கும்போது பாலிடெக்னிக் அட்மிஷன் கேட்டு வந்த வாத்தியாருங்கதான், அந்த நாடாவ மட்டும் கழட்டிக் குடுங்க, பின்கதவு சாவிக்கு ஒண்ணு இல்லாம கெடக்குது."