மிதிபட வேண்டிய சக்கை

2009 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, சீனாவின் நான்சோங் நகரில், நாற்சந்தி ஒன்றில் ஒரு சட்டி கஷாயச் சக்கை கொட்டப்பட்டது. கொட்டியவர் குவாங் தேஷூன், பேருந்து ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு.

அவருக்குக் கல்லீரல் வீக்கம். இருபதாம் தேதி டிப்போவில் ரத்தப் பரிசோதனை. ஈரல் நொதியின் அளவு இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு வண்டி கழுவ அனுப்பிவிடுவார்கள். வைத்தியர் சாராயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஈரலுக்கும் குடலுக்கும் சேர்த்து மூலிகை கொடுத்திருந்தார். மனைவி லான்ஜ் காய்ச்சினாள். குடித்த மருந்தின் சக்கையை நடுவழியில் கொட்ட வேண்டும். மிதிக்கிறவர்களின் காலோடு நோய் போய்விடும். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் கொட்டிய மறுநிமிடமே துப்புரவுக்காரி துடைப்பத்தோடு வந்தாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் விட்டு வையேன். இன்னும் ஒருத்தர்கூட மிதிக்கல."

"இதை விட்டு வெச்சா சூப்பர்வைசர் என்னை மிதிப்பான். நகரு அந்தப் பக்கம்!"

வீட்டில் லான்ஜ் பொரிந்து தள்ளினாள். "யாரும் மிதிக்காத சக்கைக்கா நான் ரெண்டு மணி நேரம் அடுப்படியில வேகுறேன்? கூட்டமா இருக்குற இடமாப் பாத்துக் கொட்டுய்யா!"

குவாங்குக்குத் தெரிந்த கூட்டமான இடம் அவருடைய தடத்தின் முதல் நிறுத்தம். மறுநாள் அங்கே கொட்டினார். நாற்பது பேர் நன்றாக மிதித்தார்கள். அவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மூன்றாவது நிறுத்தத்தில்தான் உறைத்தது: நோய் எங்கேயும் போகவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த நாளும் அங்கேயே கொட்டினார். ஆனால் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தவில்லை. நாற்பது பேரும் துரத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மேலாளர் கூப்பிட்டார். "ஏன்யா நிறுத்தல?"

"வயிறு சார். அவசரம்."

"இன்னொரு புகார் வரட்டும், பரிசோதனைக்கு முன்னாடியே கையில வாளியைக் குடுத்துடறேன்."

மிதிக்கிற கால் தன் வண்டியில் ஏறக் கூடாது. அப்படிப்பட்ட கால்கள் எங்கே இருக்கின்றன? குவாங் துள்ளிக் குதித்தார். டிப்போவில் ஓட்டுநர்கள் ஓய்வறை வாசல்! பதினொரு ஓட்டுநர்கள், பதினொரு வண்டி, பதினொரு திசை. நோய் பிரிந்து போக இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

மூன்று நாள் அருமையாகப் போயிற்று. நான்காம் நாள் ஹௌ என்கிற ஓட்டுநர் வழுக்கி விழுந்து, ஷூவைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்.

"காஞ்ச ஆரஞ்சுத் தோல்... அதிமதுரம்... எவன்டா இங்க வந்து வியாதியைக் கொட்டுனது?"

பத்துப் பேர் தங்கள் ஷூவைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"குவாங் அண்ணே, நீங்க மட்டும் ஏன் பாக்கல?" என்றார் ஹௌ.

"நேத்துதான் கழுவினேன்" என்றார் குவாங்.

"அண்ணே, இருபதாம் தேதி எங்களுக்கும்தான் பரிசோதனை. எங்க ரத்தத்துல ஏதாவது தப்பா வந்துச்சுன்னு வைங்க, பஸ்ஸைக் கழுவ மாட்டோம். உங்களைத்தான் கழுவுவோம்."

அன்றிலிருந்து குவாங் சக்கையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். தன் ஈரலை மறந்துவிட்டுப் பதினொரு பேருடைய ஈரலுக்காக வேண்டிக்கொண்டார். அவர்கள் இருமினால்கூட ஓடிப் போய் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"இருமலுக்கும் ஈரலுக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?"

"எதுக்கும் இருக்கட்டும்ப்பா."

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. நர்ஸ் முதல் தாளை எடுத்தாள். "குவாங் தேஷூன். எல்லாம் சரியா இருக்கு."

குவாங் ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

"ஹௌ, ஈரல் அளவு அதிகம். வெய், ரொம்ப அதிகம்..." பதினொரு தாளும் அப்படியே.

ஆட்டம் நின்றது. ஹௌ அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "சக்கையை மிதிக்க வெச்சு வியாதியைப் பங்கு போட்டுக் குடுத்துட்டியேய்யா, பாவி!"

நர்ஸ் தலை நிமிராமலே சொன்னாள்: "விடுங்கய்யா அவரை. சக்கையை மிதிச்சா ஷூதான் நாறும். நல்லா இருந்த ஈரலுக்குப் பயந்துகிட்டு, தினம் மூணு சட்டி ஈரல் மருந்தை அடிச்சா வேற என்ன ஆகும்? ஒரு வாரமா எங்க வீட்டுக்காரர் மூலிகைக் கடையில மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு, ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாம வந்து வாங்கினது நீங்க பதினொரு பேரும்தானே?"

சனிக்கிழமை அந்த டிப்போவிலிருந்து ஒரு பேருந்து ஓடியது. மற்ற பதினொன்றும் பளபளவென்று கழுவப்பட்டிருந்தன.