குண்டூசி டப்பாவைத் தூரப் போடவும்

டன்பி, நெப்ராஸ்கா
ஆகஸ்டு 3, சனிக்கிழமை

என் மனைவியின் தங்கையும், சூ ஃபால்ஸ் நகரத்துப் போர்வைத் தையல் சங்கத்தின் தலைவியுமான மதிப்பிற்குரிய மார்லிஸ் அவர்களுக்கு,

டெல்மர் ஹூப்னர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நாயும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் கணவர் ராயும், ராயின் முதுகும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்தப் பக்கம் போதுமான மழை. சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. தாங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பழக் கேக் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று ஆர்டித் சொல்லியிருப்பதால் எழுதவில்லை.

நிற்க. இதைப் படித்த கையோடு தாங்கள் எழுந்து போய், தையல் அறையில் இருக்கும் குண்டூசி டப்பாவை, தக்காளி மாதிரி இருக்கும் அந்தப் பஞ்சு உருண்டையோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். போர்வை ஓரம் தைக்கக் குண்டூசி என்ற பேச்சே இனி நம் குடும்பத்தில் கூடாது. கிளிப் மட்டும்தான். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தால் விஷயம் நகராது, ஆகையால் இனி நீதான், கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் மாதம் உன் அக்கா வெள்ளரிக்காய்க் கூடையோடு பின்வாசல் படியில் சறுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். முதலில் மாவுக்கட்டு, அப்புறம் கழற்றி மாட்டுகிற மணிக்கட்டுப் பட்டை. உனக்குத் தெரியாதது, இரண்டு வருஷமாக அவள் கவுண்டிக் கண்காட்சிக்கென்று தைத்துக்கொண்டிருந்த போர்வை அப்போது எந்த நிலையில் இருந்தது என்பது. ஆயிரத்துச் சொச்சம் துண்டு ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணியும் கொடுத்து எல்லாம் தைத்தாயிற்று, சுற்றிலும் ஓரப்பட்டி போடுவதுதான் பாக்கி. அந்த ஓரத்தை ஒருவர் கையால் தைத்து முடிக்காவிட்டால் போர்வை கண்காட்சி வாசலைக்கூட மிதிக்க முடியாது. பத்தொன்பது வருஷமாக ஊதா ரிப்பன், அதாவது எல்லாவற்றிலும் சிறந்தது என்ற ரிப்பன், வெர்னிட்டா க்ளூகே வீட்டுக்குத்தான் போகிறது, ஆர்டித் நீல ரிப்பனை வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே வீடு வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் "உப்பு" என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவளிடமிருந்து வேறு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் நானே ஓரம் தைக்கிறேன் என்றேன். மணிக்கட்டு உடைந்த பிறகு அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"நீங்களா?"

"நாற்பத்தொரு வருஷம் அறுவடை மெஷின் ரிப்பேர் பாத்தவன். ஒரு துணிய மடிச்சுத் தைக்க மாட்டேனா?"

"அப்ப போர்வையோட வைக்கிற பேர் அட்டையில உங்க பேரையும் எழுதணும். ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. வெர்னிட்டாவும் இந்தத் தடவை மருமகளோட அதுலதான் நிக்கிறா. தோத்தா உங்க மானமும் சேர்ந்துதான் போகும், சொல்லிட்டேன்."

மார்லிஸ், அட்டையில் என் பெயர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பக்கம் பட்டியை மெஷினில் ஓட்டுவது சுலபமாகவே முடிந்தது, மிதிகட்டையை டிராக்டர் என்று நினைத்துவிட்டேன் என்பதைத் தவிர. கஷ்டம் அதற்குப் பிறகுதான். பட்டியைப் பின்பக்கம் மடித்து, நழுவாமல் பிடித்துவைத்துக் கையால் தைக்க வேண்டுமே, அதற்கு நீயும் உன் அக்காவும் கைகாட்டுகிற ஒரே வழி குண்டூசி. அறுபது குத்தினேன். அதில் ஒன்று கட்டை விரலில், இரண்டு தொடையில், ஒன்று எப்படி என்று தெரியவில்லை, சாக்ஸில். போர்வையை இந்தப் பக்கம் திருப்பினால் முழங்கையில் ஏறும், அந்தப் பக்கம் திருப்பினால் வயிற்றில் ஏறும், தும்மினால் நாலு இடத்தில் ஏறும். நான் வலியைச் சொல்ல வரவில்லை. பாலாடை நிற அடித்துணியில், நல்ல வெளிச்சத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ரத்தம்.

உன் அக்கா அலறவில்லை. கையில் ஒரு வெள்ளை நூலைக் கொடுத்து, "இத வாயில போட்டு நல்லா ஊற வச்சு அதுமேல ஒத்துங்க. உங்க ரத்தத்த உங்க எச்சில்தான் போக்கும். வேற யார் எச்சிலும் ஆகாது," என்றாள். நான் போர்வை மேல் குனிந்து துப்பாத குறையாக ஒத்திக்கொண்டிருந்தபோது, நோயாளியைப் பார்க்க வந்த பாஸ்டர் லுண்ட்க்விஸ்ட், கையில் நூடுல்ஸ் கேசரோலோடு கூடத்தில் வந்து நின்றார்.

"டெல்மர், எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ரத்தக்கறை, பாஸ்டர். எச்சில் வச்சு எடுக்குறேன்."

அந்த நல்ல மனிதர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நானும் கொஞ்சம் உதவட்டுமா?" என்றார்.

"வேணாம் பாஸ்டர். அவங்கவங்க ரத்தத்துக்கு அவங்கவங்க எச்சில்தான்னு ஆர்டித் சொல்றா."

அதைச் சட்டைப் பையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அது வந்தது. எங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் சபை முழுக்கத் திரும்பி என்னைத்தான் பார்த்தது.

கறை போய்விட்டது, ஆனால் மெக்கானிக்கின் ரோஷம் போகவில்லை. ஒரு பொருளைப் பிடித்துவைக்க அதில் ஓட்டை போட வேண்டும் என்று எவன் சொன்னான்? துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினேன், அது தடியன், பட்டியைக் கோணலாக்கியது. மின் சோதனைக்கு வைத்திருக்கும் பல்லுக் கிளிப்பை மாட்டினேன், உன் அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். காகிதம் கட்டும் கறுப்புக் கிளிப்பைக் கூட்டுறவுச் சங்க ஆபீஸிலிருந்து கேட்டு வாங்கி வந்தேன், அது மூட்டை தூக்கியவன் தோள் மாதிரித் தழும்பு போட்டது. கடைசியில் முப்பது மைல் வண்டி ஓட்டித் துணிக்கடைக்குப் போய் என் கஷ்டத்தைச் சொன்னேன். கல்லாவில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து வைத்தாள். நூறு கிளிப். விரல் கணு அளவு. மேல் பக்கம் சிவப்பாக வளைந்திருக்கிறது, அடிப்பக்கம் கண்ணாடி மாதிரித் தட்டை, அதில் அளவுக்கோடு வேறு. தட்டைப் பக்கம் கீழே இருப்பதால் போர்வை மேஜை மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்பிரிங் இறுக்கம் கச்சிதம். இதைச் செய்தவன் எங்கள் பட்டறையில் இருந்திருந்தால் நான் பத்து வருஷம் முன்பே ஓய்வு பெற்றிருப்பேன்.

ஆர்டித் ஒன்றை எடுத்துப் பார்த்து, "பொம்மைக்கு முடி கிளிப்பா?" என்றாள்.

அதைக் காதில் வாங்காமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் பக்கம் ஆரம்பித்தேன். கேள் மார்லிஸ், சுற்றி முழுக்க மாட்ட வேண்டியதில்லை. முன்னால் ஒரு இருபது மாட்டிக்கொண்டால் போதும், தைக்கத் தைக்க ஒவ்வொன்றாகக் கழற்றி முன்னால் கொண்டுபோகலாம். பஞ்சு எவ்வளவு கனமாக இருந்தாலும் பட்டி நெளியாது, குண்டூசி குத்தினால் ஏறி இறங்குமே, அது இல்லை. மூலை வந்தால் ஒரு பக்கத்தை மடித்து ஒரு கிளிப், அடுத்ததை மேலே மடித்து ஒரு கிளிப், அவ்வளவுதான், பெட்டி மாதிரிச் சதுரம். ரேடியோவில் பேஸ்பால் ஓட, ஆர்டித் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தையல் எலி கடிச்ச மாதிரி இருக்கு, அந்தத் தையல் எலியோட தாத்தா கடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் அப்படி ஒரே சோபாவில் மணிக்கணக்காக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். செவ்வாய் சாயங்காலம் நாலாவது பக்கமும் முடிந்தது. என் கை எவ்வளவு வேகமாகத் தேறியது என்றால், காலையில் கூட்டுறவுச் சங்கத்தில் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் முந்தின நாள் தைத்தது எனக்கே இன்னும் நேர்த்தியாகத் தெரியும். பகல் வெளிச்சத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை மத்தியானம் போர்வையை ஒப்படைத்தோம். அட்டையில் ஆர்டித் ஹூப்னர், டெல்மர் ஹூப்னர்.

வியாழக்கிழமை தீர்ப்பு. அறுபது பெண்கள் மடக்கு நாற்காலியில், ஆண் என்றால் நான் ஒருத்தன். வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் போர்வையைத் தூக்கிப் பிடிக்க, நடுவர் அம்மாள், யாருடையது என்று தெரியாமல், குறைநிறையை எல்லார் காதும் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வெர்னிட்டாவின் போர்வை வந்தது. நட்சத்திரம் நட்சத்திரமாக, அழகு என்றால் அழகு, பொய் சொல்ல மாட்டேன். நடுவர் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை இழுத்தார். பட்டிக்குள்ளே ஒரு குண்டூசி. வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி. அறுபது பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில் என்ற விதி எல்லாருக்கும் தெரியும், நடுவருக்கும் தெரியும். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு நூலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒத்தத் தொடங்கினார். நான் சிரிக்கவில்லை. ஆர்டித் என் காலை மிதித்துக்கொண்டிருந்ததால் சிரிக்க முடியவில்லை.

அடுத்தது எங்களுடையது. "ஓரப்பட்டிக்குள்ள பஞ்சு முழுக்க நிரம்பியிருக்கு. மூலை எல்லாம் சதுரம். முதல் பக்கத்துல தையல் கொஞ்சம் தடுமாறுது, யாரோ கத்துக்கிட்டிருக்காங்க. ஆனா நாலாவது பக்கத்தப் பாருங்க. இந்த மாதிரி ஓரத்த நான் பார்த்துப் பல வருஷமாச்சு," என்றார் நடுவர்.

ஊதா ரிப்பன், மார்லிஸ். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. உன் அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெர்னிட்டா வந்து கையைப் பிடித்து, "நாலாவது பக்கம் யாரு?" என்று கேட்டாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நேற்றிலிருந்து கூட்டுறவுச் சங்கத்தில் நாலு பேருக்குக் கிளிப் பற்றி வகுப்பு எடுத்துவிட்டேன். நீ உன் சங்கத்தில் இந்தக் கடிதத்தை வாசிக்க என் முழுச் சம்மதம் உண்டு.

ராயின் முதுகுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கவும். பிள்ளைகளுக்கு எங்கள் அன்பும் ஆசியும். உன் வீட்டுத் தோட்டமும் தையல் மெஷினும் குறையில்லாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் புருஷன்,
டெல்மர் ஹூப்னர் (ஊதா ரிப்பன், இருவர் பிரிவு)

பி.கு.: கடிதத்தை ஆர்டித்திடம் வாசிக்கக் கொடுத்தேன். சமையல் மேஜையில் பேனாவை எடுத்து, இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். வலது கையால். பட்டை அலமாரி மேல் கிடக்கிறது. நான் அந்தக் கையையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "டாக்டர் போன மாசமே தைக்கலாம்னுட்டார்," என்றாள்.

"அப்ப நாலாவது பக்கம்?"

"நீங்க காபி குடிக்கப் போன நேரத்துல பிரிச்சுத் தைச்சேன். மூணாவதுலயும் பாதி."

"கிளிப் வச்சுத்தானே?"

"குண்டூசி."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா சாயங்காலமும் காபி குடிக்கப் போயிருப்பீங்க," என்றாள். ஆகையால் மார்லிஸ், டப்பாவைக் குப்பையில் போட்டிருந்தால் மறுபடி எடுத்துக்கொள். சங்கத்தில் எதையும் வாசிக்க வேண்டாம், வெர்னிட்டாவின் காதுக்குப் போகவே கூடாது. உன் அக்கா இப்போது பட்டையை மறுபடி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து ஓரம் போடாத இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து சோபாவில் விரித்திருக்கிறாள். கை ரொம்ப வலிக்கிறதாம். நானும் பாவம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலக் காபிக்கு வரமாட்டேன் என்று கூட்டுறவுச் சங்கத்துக்குப் போன் செய்துவிட்டேன்.