பல்கலைக்கழகக் கிண்ணக் கடையிலிருந்து மச்சானுக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

தங்கள் மூட்டுவலி தணிந்து, யார் தோளையும் பிடிக்காமல் படியிறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைப்படி எழுதியதாக வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் வந்து மூன்று வாரமாகிறது. உங்கள் மருமகள் தங்கியிருக்கும் விடுதியில் தகப்பனாக இருந்தாலும் ஆண்களுக்கு அனுமதியில்லையாம். அதனால் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் ஒரு கட்டில், ஒரு மேசை, மூடாத ஒரு சன்னல் சகிதம் எனக்கு அறை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் அவளுக்கு மண்புழு ஆராய்ச்சி, மாலையில் மாணவர்களுக்கு மண்புழுப் பாடம். இடையில் பன்னிரண்டரை முதல் ஒன்று பத்து வரை நாற்பது நிமிடம் மட்டும் எனக்கு. அதுவும் நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கடையில்தான் சாப்பிட வருவேன் என்று சொல்லிவிட்டாள். சீனா, ஜப்பான், கொரியா என்று நாலைந்து நாட்டுச் சமையலை ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்கிக் கையில் கொடுக்கிற கடை. அந்தந்த நாட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் நாள் உள்ளே போனால் ஆர்டர் எடுக்க ஆளே இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு திரை நிற்கிறது. சோறா நூடுல்ஸா என்று கேட்டது, சோறு என்றேன். வாயால் சொன்னால் அதற்குக் கேட்காது, விரலால் தொட வேண்டும் என்று பின்னால் நின்ற பெண் சொன்னாள். தொட்டேன். கோழியா, டோஃபு என்கிற சோயாப் பன்னீரா, இனிப்புச் சாறா புளிப்புச் சாறா, எத்தனை மிளகாய்க் காரம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறது. உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த எங்கள் ஆட்கள்கூட உங்கள் தங்கையிடம் இத்தனை கேள்வி கேட்கவில்லை. கடைசியில் பெயர் கேட்டது. முப்பத்தோரு வருடம் எடை அளவுத் துறையில் இருந்தவன், எதையும் பதவியோடு எழுதித்தானே பழக்கம்? 'ஓய்வுபெற்ற ஆய்வாளர்' என்று ஆரம்பித்துப் பெயரை எழுதினேன். அது முதல் மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு அம்மா, "ஓய்வு! ஓய்வு! யாருங்க ஓய்வு?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். நான் எழுந்து போனேன். அன்றிலிருந்து அங்கே எனக்கு அதுதான் பெயர். "வாங்க ஓய்வு சார், இன்னிக்கும் சோறுதானா?" என்கிறார்கள். ஓய்வூதிய அலுவலகத்தில்கூட என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை.

இரண்டாம் நாள் கூட்டம் அதிகம். அப்படிப்பட்ட நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், கையில் வட்டமாக ஒரு கருவியைக் கொடுத்துவிடுவார்கள். சாப்பாடு தயாரானால் அது அதிரும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏதோ டோக்கன் என்று சட்டைப் பையில், அதுவும் இடது பக்கம், போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மார்பு படபடவென்று அடித்துக்கொள்கிறது, சட்டைக்குள்ளேயிருந்து சிவப்பு வெளிச்சம் வேறு. சரி, மேலே போன உங்கள் தங்கை என்னையும் கூப்பிட்டுவிட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். நாற்காலியைப் பிடித்தபடி சரிந்தேன். பக்கத்து மேசை மாணவர்கள் ஓடிவந்து என்னைத் தரையில் கிடத்தினார்கள். முதலாமாண்டு மருத்துவம் படிக்கிற ஒரு பெண் என் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "சார், நாடி நல்லாத்தான் இருக்கு, பையில என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள். அந்த நேரம் பார்த்து உங்கள் மருமகள் வாசலில் வந்து நிற்கிறாள். தரையில் கிடக்கிற என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை, மச்சான். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கழிப்பறைப் பக்கம் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தாள். நாற்பதில் பத்து போயிற்று.

ஒரு கரண்டி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே நின்று சோறு போடுகிற அந்த அம்மா ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒவ்வொரு அளவாகப் போடுகிறார். எனக்கு இரண்டு கரண்டி என்றால் முன்னால் நின்ற பையனுக்கு மூன்றரை. என் கண் சும்மா இருக்குமா? "அம்மா, அளவு ஒரே மாதிரி இருக்கணும், சட்டம் இருக்கு" என்றேன். அவர் கரண்டியை நிறுத்தவேயில்லை. "சார், அவன் காலைல இருந்து சாப்பிடல, மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. உங்களுக்குப் போட்டா மிச்சம் வைப்பீங்க. வேணும்னா எழுதிக்குங்க" என்றார். நான் எழுதிக்கொள்ளவில்லை. உண்மையாகவே அன்று மிச்சம் வைத்தேன்.

இப்போது உங்கள் மருமகளைப் பற்றி. இதைத் தள்ளிப்போடத்தான் மேலே இரண்டு பக்கம் எழுதினேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் இளைத்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து கிண்ணத்திலிருக்கும் காளானை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்தி வைக்கிறாள், பிறகு அதையே ஒவ்வொன்றாகத் தின்கிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். "தூங்கினீங்களாப்பா?" "மாத்திரை போட்டீங்களா?" அவ்வளவுதான். அவளுடைய அம்மாவின் பேச்சை எடுத்தால் தண்ணீர் எடுத்துவர எழுந்துவிடுவாள். அம்மாவின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். "இப்ப வேணாம்ப்பா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். எட்டு மாதமாக இப்படித்தான்.

காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் உங்களிடமும் நான் பொய்தான் சொல்லியிருக்கிறேன். 'நோயை மகளுக்குச் சொல்ல வேண்டாம், அவள் ஆய்வின் கடைசித் தேர்வு முடியட்டும் என்று படுத்திருந்தவளேதான் சொன்னாள்' என்று உங்களிடமும், வந்தவர் போனவரிடமும், மகளிடமும் சொன்னேன். உங்கள் தங்கை அப்படிச் சொல்லவில்லை. மருத்துவமனையில் சேர்த்த நாலாம் நாளே, "புள்ளைய வரச்சொல்லுங்க" என்றாள். டாக்டர் மூன்று மாதம் கெடு சொல்லியிருக்கிறார், தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை என்று நான் கணக்குப் போட்டேன். "முடிச்சுட்டு வரட்டும், நிம்மதியா இருப்பா" என்றேன். ஒன்பதாம் நாள் மறுபடியும் கேட்டாள். "நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு" என்றேன். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். தேர்வுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதை ஒரே ஒரு போனில் ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள், மச்சான். ஒரே ஒரு போன். ஊரிலுள்ள தராசையெல்லாம் பொய் சொல்கிறது என்று பிடித்தவன் நான்.

அம்மா தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று நினைத்து இந்தப் பெண் செத்துப்போனவள்மேல் கோபமாக இருக்கிறாள் என்று, அந்தக் காளான் நகர்த்தலைப் பதினோரு நாள் பார்த்த பிறகு எனக்கு உறைத்தது. என்மேல் வர வேண்டிய கோபம் அவள்மேல் போகிறது. பன்னிரண்டாம் நாள் சொல்லிவிடுவதென்று அறையிலேயே மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். அந்தக் கடையில் கரண்டிக்குப் பதில் கொடுக்கிற பாழாய்ப்போன இரண்டு குச்சிகளால் சாப்பிட்டுக் காட்டி அவளைக் கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று திட்டம். டோஃபுத் துண்டு ஒன்று வழுக்கிப் பறந்து, பின்னால் உட்கார்ந்திருந்த பேராசிரியரின் திறந்த கணினியில் போய் விழுந்தது. மன்னிப்புக் கேட்டு, துடைத்துக் கொடுத்து, அவர் எழுந்து போகும்வரை காத்திருந்ததில் மணி ஒன்றாகிவிட்டது. பத்து நிமிடம்தான் மிச்சம். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா உன்னக் கூப்பிடச் சொன்னாம்மா. ரெண்டு தடவ சொன்னா. நான்தான் கூப்பிடல."

அவள் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் சேர்த்து வைத்தாள். பையை எடுத்தாள். "எனக்கு வகுப்பு இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்று அவளுக்கு வகுப்பு கிடையாது. கால அட்டவணையை நான்தான் என் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேனே.

அதற்குப் பிறகு எட்டு நாளாக அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. 'சாப்பிடுங்கப்பா' என்று தினம் ஒரு செய்தி மட்டும் வருகிறது. நான் தினமும் பன்னிரண்டரைக்குப் போய் ஒன்று பத்து வரை உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அங்கே கடை வாசலில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். 'இன்று உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' என்று மேலே எழுதியிருக்கும், கீழே சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், வாடிய முகம், அழுகிற முகம். சர்க்காரில் இருந்தவனை எழுத்தில் ஒன்று கேட்டால் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? தினமும் போகும்போது கடைசி முகத்தை அழுத்திவிட்டுப் போனேன். ஆறாம் நாள் கடை மேலாளர் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு, கையில் இலவச சூப்போடு என் மேசைக்கு வந்துவிட்டார். "சார், ஒரு வாரமா எங்களுக்கு அழுகிற முகமா வருது. மேலிடத்துல கேக்கறாங்க. கேமராவுல பார்த்தா நீங்கதான். எங்க சாப்பாட்டுல என்ன குறை சார்? சொன்னா மாத்திடறோம்."

"சாப்பாட்டுல ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

"அப்ப சர்வீஸா?"

"அதுவும் இல்ல. அனுபவம் எப்படின்னு கேட்டிருந்தீங்க."

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சூப்பைக் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது, "நாளைக்கும் வாங்க சார். எந்த மூஞ்சிய வேணா அழுத்துங்க, நான் மேலிடத்துக்குச் சொல்லிக்கறேன்" என்றார்.

ஆக, மச்சான், வருகிற சனிக்கிழமை வண்டியில் ஊர் திரும்புகிறேன். இந்தக் கடிதத்தைக்கூட அந்தக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேரில் உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். உங்கள் மருமகளுக்கு நீங்கள் எழுதுங்கள். அவள் அம்மா அவளைத் தேடினாள், தடுத்தவன் நான் ஒருவன்தான் என்று மாமன் வாயால் சொன்னால் நம்புவாள். நான் சொன்னால், பொய் சொல்லிப் பழகிய ஆள் என்று விட்டுவிடுவாள். என்மேல் கோபம் தீராவிட்டால் பரவாயில்லை. அவள் அம்மாவோடு அவள் சமாதானம் ஆகட்டும். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கிடைக்குமா என்று தெரியவில்லை.

அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எல்லோரும் நீண்ட நாள், நோய்நொடியில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமென்று மனமார வேண்டும்,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் தப்பு, மச்சான். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமென்றால் தாள் தீர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் எதிரே உங்கள் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஒன்றும் ஆர்டர் செய்யவில்லை.

"அப்பா, அம்மா எனக்கு போன் பண்ணினாங்க."

எனக்குப் புரியவில்லை. எப்போது என்று கேட்டேன்.

"அட்மிட் பண்ணி பத்தாவது நாள். நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்களாம். 'உடம்பு சரியில்லடா, ஒரு எட்டு வந்துட்டுப் போறியா'ன்னு கேட்டாங்க. நான்தான், 'தேர்வு முடிஞ்சதும் ஓடி வந்துடறேம்மா'ன்னு சொன்னேன். 'சரிடா, முடிச்சுட்டே வா, அப்பாகிட்ட நான் பேசினேன்னு சொல்லாத, வருத்தப்படுவாரு'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க." என் பேனாவை எடுத்து மூடினாள். "நான் ஊருக்கு வந்தப்ப நீங்க, அம்மாதான் வேணாம்னு சொன்னாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் சரின்னு கேட்டுக்கிட்டேன். அது எனக்கு வசதியா இருந்துச்சுப்பா. அன்னிக்கு இங்க நீங்களே உண்மைய சொல்லிட்டீங்க. அதுக்கு மேல என்னால உட்கார முடியல."

மேசை துடைக்கிறவர் வந்து எங்கள் மேசையை இரண்டு தடவை துடைத்தார். மூன்றாம் தடவை துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று பத்து ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மணி வரை இருந்தாள். அவளுடைய அம்மாவைப் பற்றிப் பேசினோம். பெரும்பாலும் அழுதோம், இரண்டு இடத்தில் சிரித்தோம்.

ஆகவே நீங்கள் அவளுக்கு எழுத வேண்டாம். சனிக்கிழமை வண்டியும் இல்லை. உங்களை ஒன்று மட்டும் கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கை போன அன்று வீட்டுக்கு வந்தபோது நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நோயை உங்களுக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. உங்கள் பெருந்தன்மை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மச்சான், உங்கள் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கும் போன் செய்தாளா? செய்திருந்தால், மூட்டுவலியைப் பார்க்காமல் அடுத்த வண்டியைப் பிடித்து இங்கே வந்துவிடுங்கள்.