பிஸ்டன் சித்தரின் எலுமிச்சம்பழம்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மெக்கானிக்குகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பழுதான இன்ஜினையெல்லாம் பிஸ்டன் சித்தரே பார்த்தார். கண்ணால் அல்ல! இன்ஜினைக் கழற்றித் தரையில் வைத்து, வெள்ளைத் துணியால் போர்த்திவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஆன்மாவுக்குக் கூச்சமாம். துணிமேல் எலுமிச்சம்பழம் வைப்பார். நின்றால் உயிர் இருக்கிறது, சரிசெய்யலாம். தெற்கே உருண்டால் எமலோகம், வேறு இன்ஜின்தான். இதுவரை ஒரு பழமும் நின்றதில்லை. வேறு இன்ஜின் சித்தரின் மச்சான் கடையில் கிடைக்கும். செத்ததைத் தூக்கிப்போவதும் அதே மச்சான். என்ன கருணை!

முதலியார்பேட்டையில் இட்லிமாவு வியாபாரம் செய்யும் சுலோசனாவின் வேன், ரேடியேட்டர் வறண்டு, புகைந்து நின்றுபோனது. கடைகளுக்குப் போகவேண்டிய மாவு வீட்டிலேயே புளித்தது.

மெக்கானிக் ரிச்சர்ட் இன்ஜினை இறக்கினார். “திறந்து பாக்கணும்க்கா. சிலிண்டர் நல்லா இருந்தா சரிபண்ணிடலாம். இல்லனா மாத்திடலாம்.”

சுலோசனாவின் கணவர் பலராமன் பதறினார். “திறக்கறதா? உள்ள ஆன்மா இருக்குதுய்யா! நான் சித்தரைக் கூட்டினு வரேன். சுலோ, வளையலைக் கழட்டி வை. வேற இன்ஜின் வாங்கணும்.”

“அவரு பாக்கறதுக்கு முன்னாடியேவா?”

பலராமன் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார். மாவாட்டி மாவாட்டிச் சேர்த்த வளையலை சுலோசனா தடவிப் பார்த்தாள். பிறகு ரிச்சர்டைக் கூப்பிட்டாள். “தம்பி, ஒரு கை புடி.”

சித்தர் வந்தபோது தெருவே பின்னால் வந்தது. முற்றத்தில் வெள்ளைத் துணி தயாராக இருந்தது. சித்தர் அதில் காதை வைத்தார்.

“அழுவுது... டீசல், டீசல்னு அழுவுது!”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் பழத்தை வைத்தார். கட்டைவிரல் லேசாகத் தட்டியது. பழம் எமலோகம் கிளம்பியது.

“உயிர் பிரிஞ்சிடுச்சு. இனிமே பிரம்மாவே வந்தாலும் ஓடாது.”

சுலோசனா சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டாள்.

துணிக்குள் கடகடவென்று ஓர் உறுமல். சித்தர் துள்ளிப் பலராமனின் இடுப்பில் ஏறிக்கொண்டார். அவள் துணியை உருவினாள். உள்ளே கிரைண்டர் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தது.

“இன்ஜின் கொல்லையில கிடக்குது சாமி. இதுக்கு எதுக்கு டீசல்?”

“ஆன்மா... இடம் மாறிடுச்சு,” என்றார் இடுப்பிலிருந்தபடியே.

ஆட்டோக்காரர் வடிவேலுக்குச் சுருக்கென்றது. “அப்போ செத்துப்போச்சுன்னு தூக்கினு போன என் இன்ஜினு?” கூட்டம் மச்சான் கடைக்கு ஓடியது. அங்கே செத்த இன்ஜின்களெல்லாம் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு, விற்பனைக்கு உட்கார்ந்திருந்தன. சித்தரும் மச்சானும் போலீஸ் ஜீப்பில் ஏறினார்கள். அந்த ஜீப் தெற்கே போனதா என்று யாரும் கவனிக்கவில்லை.

ரிச்சர்ட் இன்ஜினைத் திறந்தார். சிலிண்டருக்கு ஒன்றும் இல்லை. மேல்மூடிதான் சூட்டில் வளைந்திருந்தது. அதைச் சமன்செய்து மாட்டியதும் வேன் ஓடியது. பலராமன் மாவு வாளிகளை ஏற்றினார்.

மறுநாள் காலை வாசலில் மாலையும் கற்பூரமுமாக அதே கூட்டம். “செத்த கிரைண்டருக்கு உயிர் குடுத்த தாயே!”

சுலோசனா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு இன்ஜினைத் திறந்து பாக்க அரைநாள் போதும். உங்க மண்டையைத் திறக்க எந்த மெக்கானிக்கைய்யா கூப்புடறது?”