பாவம் போதாத பெண்

வெளிநாட்டுக்குப் போகாமலே போய் வந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். மத்திய அமெரிக்கக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் லா சேய்பாவில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சபையில், அவர் பெயர் சகோதரர் அப்தியாஸ். எந்தப் பிள்ளையாவது அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்கு மனுப் போடுகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஆராதனை முடிந்து நாம் குடையைத் தேடுவதற்குள் அந்தப் பிள்ளையின் தோளில் அவர் கை விழுந்திருக்கும்.

அவர் எதுவரைக்கும் போனார் என்றா கேட்கிறீர்கள்? தலைநகரத்தில் தூதரக ஜன்னல் வரைக்கும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் ‘முடியாது’ என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் அவருடைய மொத்த அமெரிக்க அனுபவம். அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக ஊருக்கே வகுப்பு எடுக்கிறார். விசாவுக்குப் போகும்போது வேதாகமத்தைக் கையில் எடுத்துப் போ, ஆனால் புதுசாக இருக்கக் கூடாது, ஓரம் கசங்கியிருக்க வேண்டும்; சித்தி அங்கே இருக்கிறாள் என்று மூச்சு விடாதே; ‘படிப்பு முடிந்து திரும்பி வருவாயா’ என்று கேட்டால் உடனே தலையாட்டாதே, சந்தேகம் வரும், தாமதமாகவும் ஆட்டாதே, அதற்கும் வரும்; விடுதியில் நம்ம ஊர்ப் பயறு கிடைக்காது, கொண்டு போ; பயறை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், கொண்டு போகாதே; குளிருக்குக் கம்பளிக் கோட்டு வாங்கு, வாங்கினால் இங்கேயே போட்டுப் பழகு. இதைக் கேட்டு ஒரு வாலிபன் ஏப்ரல் வெயிலில் கோட்டோடு ஆராதனைக்கு வந்து பொத்தென்று விழுந்தான். பரிசுத்த ஆவி இறங்கி விழுந்தான் என்று நினைத்துப் பாதி சபை அல்லேலூயா சொன்னது. நான்தான் ஓடிப் போய்ப் பொத்தானைக் கழற்றினேன்.

நான் சபையில் மைக் பார்க்கிறவன். அதனால் எங்கள் சாட்சி வழக்கம் எனக்கு அத்துப்படி. ஆண்டவர் தன்னை எப்படித் தூக்கினார் என்று ஞாயிறுதோறும் யாராவது எழுந்து சொல்வார்கள். எவ்வளவு ஆழத்தில் விழுந்தாரோ அவ்வளவு நேரம் மைக். குடித்துத் திருந்தியவருக்கு அரைமணி. கதையில் கத்திக்குத்து இருந்தால் பாஸ்டரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். பிறந்ததிலிருந்து ஒழுங்காக இருந்துவிட்ட அப்பாவிகளுக்கு? ‘ஆமென், உட்காரும்மா.’ தீர்ந்தது. அப்தியாஸ் வாலிபத்தில் குடித்தது ஒரே ஒரு பீர். நான் மைக் பிடிக்க வந்த புதிதில் அது ஒரு பாட்டிலாகத்தான் இருந்தது. அப்புறம் பெட்டியானது. போன ஈஸ்டரில் லாரியாக வந்து இறங்கியது.

இந்த மனிதர் கையில்தான் நோயெமி மாட்டினாள். பேருந்து நிலையத்தில் பயறு மடித்த பலேயாடா ரொட்டி சுட்டு விற்கிற டில்சியாவின் மகள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு மூலையில் சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி, நர்ஸ் படிப்பு, முழு உதவித்தொகை. மதிப்பெண், ஆங்கிலப் பரீட்சை, பாஸ்டர் சிபாரிசு எல்லாம் தாண்டியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. கல்லூரிக்காரர்களிடம் வீடியோவில் தன் சாட்சியைச் சொல்ல வேண்டும். அது கை நழுவினால் அவளுக்கு வேறு வழி கிடையாது, அம்மா பக்கத்தில் இன்னொரு அடுப்புதான்.

அப்தியாஸ் சொல்லிக் காட்டச் சொன்னார். ஒன்பது வயதில் அம்மாவுக்கு மாவு பிசைந்துகொண்டே ஜெபம் பண்ணினாளாம், அன்றிலிருந்து பண்ணுகிறாளாம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இதுல பாவம் எங்கம்மா?”

“அவ்வளவா இல்ல, பிரதர்.”

“இல்லாம எப்படி? உலகத்துப் பிள்ளைங்க பூரா அங்க வரிசையில நிக்குது. ஒவ்வொண்ணும் எப்பேர்ப்பட்ட சாக்கடையிலேருந்து ஏறி வருது தெரியுமா? நீ மாவுலேருந்து வர்றேன்னா எவன் சேர்ப்பான்?”

சேர்க்கிற மாதிரி அவரே செய்து கொடுத்தார். கொஞ்சம் ரம், கொஞ்சம் வெள்ளைப் பொடி, கழுத்து வரைக்கும் பச்சை குத்திய ஒரு காதலன். டில்சியாவுக்குத் தலை சுற்றியது. “எப்ப பிரதர் இவ குடிச்சா? பொழுது சாஞ்சா எங்கூடல்ல நிப்பா?” என்று கேட்டாள். மாவைப் பற்றி அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று அடக்கிவிட்டார். நோயெமிக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவர் சொல்கிறாரே, கேட்காமல் விட்டு இடம் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவளைக் கட்டிப்போட்டது. இந்த இனத்துக்குத் தீனியே அந்தப் பயம்தானே?

சபை மண்டபத்தில்தான் இன்டர்நெட் ஒழுங்காக வரும். லேப்டாப்பையும் மைக்கையும் நான் வைத்துக் கொடுத்தேன். திரையில் மிஸ் வெர்னா என்று ஒரு வயதான அம்மா, எங்கள் மொழியை மெதுவாகப் பேசினார். கேமராவுக்குத் தெரியாமல் லேப்டாப்புக்குப் பின்னால் நின்று அப்தியாஸ் பாடகர் குழுவை நடத்துகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரம் வந்ததும் கை மேலே போனது. காதலன் வந்ததும் ‘அழு, அழு’ என்று ஜாடை. அவள் அழுதாள். நிஜமாகவே அழுதாள், வெட்கத்தில்.

மிஸ் வெர்னாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். போதைப் பழக்கத்திலிருந்து வந்தவர்கள் சிகிச்சை எடுத்த சான்றிதழ் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு வருஷம் பொறுத்துத்தான் சேர முடியும், இந்த உதவித்தொகையோ இந்த வருஷத்தோடு சரி.

ஓரமாக நின்றிருந்த டில்சியா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்தியாஸ் அசைந்தாரா? அசைந்தால் அவர் அந்த இனமே இல்லை. சந்தைக்குப் பின்னால் அவர் மச்சான் ஒரு போதை மறுவாழ்வு இல்லம் நடத்துகிறார். ‘சான்றிதழ் இருக்குன்னு சொல்லு, மச்சான்கிட்ட நாளைக்கே வாங்கிடலாம்’ என்று உதட்டை மட்டும் அசைத்தார். நோயெமி அவரைப் பார்த்தாள். அப்புறம் கேமராவைப் பார்த்தாள்.

“மேடம், நான் குடிச்சதே இல்ல. அப்படி ஒரு ஆளும் கிடையாது. இத்தனை நாளா சொல்லிக்க எங்கிட்ட பெரிய பாவம் ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

மைக்கை அணைக்கட்டுமா வேண்டாமா என்று பொத்தான் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மிஸ் வெர்னா கண்ணாடியைக் கழற்றினார். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டார். அவள் அப்தியாஸ் பக்கம் திரும்பவே இல்லை. சொன்ன வாய் தன்னுடையதுதான் என்றாள். சரி, நிஜமான சாட்சி என்ன என்று கேட்டார்.

“பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குக் காய்ச்சல். கிளினிக்ல ஊசி போட ஆளில்ல. யாராவது வரணும்னு மாவு பிசைஞ்சுக்கிட்டே ஜெபம் பண்ணேன். யாரும் வரல. பாப்பா போயிடுச்சு. அதான் நானே படிக்கலாம்னு.”

அந்தக் கதையை எங்கள் சபையில் யாரும் கேட்டதில்லை. கேட்க நாங்கள் மைக் கொடுத்ததில்லை.

இடம் கிடைத்தது. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழுந்தது யார்? அப்தியாஸ்தான். தான் கொடுத்த பயிற்சியில் ஒரு பிள்ளை எப்படிக் கரை சேர்ந்தது என்று அரைமணி நேரம் பேசினார். நோயெமி எழுந்து நன்றி சொல்ல ஆரம்பித்தாள். “ஆமென், உட்காரும்மா” என்றார் பாஸ்டர்.

நீங்கள் சிரித்துக்கொண்டேதான் படித்தீர்கள், சந்தோஷம். நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு பிள்ளை வெளிநாட்டில் படிக்கக் கிளம்பும். நீங்கள் மிதித்தே பார்க்காத ஊர். அந்தப் பிள்ளை வாசலில் வந்து ‘போயிட்டு வரேன்’ என்று மட்டும்தான் சொல்லும். அதற்குள் உங்கள் நாக்கு நுனியில் ‘நான் சொல்றதைக் கேளு’ என்று ஒன்று வந்து நிற்கிறதே, அதைக் கொஞ்சம் விழுங்கிப் பாருங்கள். முடியவில்லையா? வாங்க பிரதர், மைக் தயாராக இருக்கிறது.