ஆலை வரிசையில் ஒரு ராக்கெட்

ராக்கெட் ஒன்று விண்ணில் எழுவதை நேரில் நின்று பார்ப்பது; பார்ப்பதை என் கையாலேயே படம் பிடிப்பது; இவ்விரண்டையும் என் மனைவி அறியாமல் செய்வது. இந்தக் கரும்பு அரவைப் பருவத்தில் நான் பூண்ட உறுதி இதுதான். முதலிரண்டும் விஞ்ஞானம். மூன்றாவது விபரீதம் என்பதை அப்போது எவரும் எனக்கு எடுத்துரைக்கவில்லை.

நான் தீனதயாளன். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். படித்து முடித்ததும் கரும்பு நட்டேன். அன்று முதல் தொலைக்காட்சிப் பெட்டியில் கையகலத்துக்குப் பறக்கும் ராக்கெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டே தலை நரைத்தது. இம்முறை ஸ்ரீஹரிகோட்டாவில் பார்வையாளர் மாடத்துக்குப் பதிவு செய்தேன். இடமும் கிடைத்துவிட்டது.

மனைவியை அழைத்துச் சென்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கொளஞ்சியம்மாள் தனியாக எங்கும் புறப்படுபவள் அல்லள். அவள் கிளம்பினால் வடக்கனந்தலில் இருக்கும் தம்பி குடும்பம் கிளம்பும். அவர்கள் கிளம்பினால் வெள்ளிமலையில் கடை வைத்திருக்கும் சின்னம்மா ஜீப் பிடித்து இறங்கி வருவார். பிறகு புளிச்சோற்றுத் தூக்குகள் ஏறும். ராக்கெட்டுக்குக்கூட அத்தனை எரிபொருள் ஏற்ற மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண்மகன் ஓரிரவு வீடு திரும்பாமல் இருப்பதற்கு மனைவி ஒப்பும் காரணம் ஒன்றே: கரும்பு வண்டி வரிசை. வெட்டிய கரும்பை டிராக்டரில் ஏற்றி மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கொண்டுபோனால், முன்னால் நிற்கும் வண்டிகளெல்லாம் எடைமேடை ஏறி இறங்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். என் நல்லூழ், எங்கள் வயலுக்கு ஆலையின் வெட்டு உத்தரவு அந்த வாரமே வந்தது.

“வரிசை பெருசா இருக்கும் கொளஞ்சி. நாளைக்குத்தான் வருவேன்.”

“இன்னாத்துக்கு இஸ்திரி போட்ட சட்டை? கரும்பு மேல குந்தறதுக்கா?”

“மில்லு ஆபீசருங்க வருவாங்க.”

“சென்ட்டு வேற வாசன வருது. எடை போடறது கரும்பையா, உங்களையாங்க?”

“ஒரு வெவசாயி டீசன்டா இருக்கக் கூடாதா?”

“தாராளமா இருங்க. போனை மட்டும் அணைக்காதீங்க. அணைச்சீங்கன்னா வரிசைல நிக்கற அத்தினி பேருக்கும் போன் போடுவேன்.”

ஓட்டுநர் வீரமுத்துவுக்கு ஊர் எல்லையில் பாடம் நடத்தினேன்.

“அம்மா கேட்டா, ஐயா தூங்கறாருன்னு சொல்லு.”

“எழுப்பச் சொன்னா?”

“எழுந்திரிக்க மாட்டேங்கறாருன்னு சொல்லு.”

“பயந்துடப் போறாங்க ஐயா.”

வீரமுத்து கரும்போடு கிழக்கே போனான். நான் பேருந்து ஏறிச் சென்னைக்கும், ரயில் ஏறிச் சூலூர்ப்பேட்டைக்கும் போய்ச் சேர்ந்தேன்.

மாடம் நிறைந்து வழிந்தது. கதிரவன் சற்றுமுன்தான் மறைந்திருந்தான். வானம் கழுவித் துடைத்த வெண்கலத் தாம்பாளம் போலிருந்தது. மரங்களுக்கு அப்பால் வெண்ணிற முனை ஒன்று தெரிந்தது. புதிதாக வாங்கிய கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன். அழைப்புகள் வராதபடி அதை அடக்கிவைக்கலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். கொளஞ்சியின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கி எண்ணத் தொடங்கியது. கூட்டமும் சேர்ந்து எண்ணியது. மரங்களின் விளிம்பில் ஆரஞ்சு ஒளி ஒன்று பிளந்தது. அந்தக் கணத்தில் திரையிலிருந்த ராக்கெட் மறைந்து, கொளஞ்சி தோன்றினாள். மணி அடித்தது.

பதறினேன். கைப்பேசி விரலிலிருந்து நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது. நானும் அதன் பின்னாலேயே நுழைந்து, கூச்சல் கேட்காதபடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன்.

“எங்க இருக்கீங்க?”

“வேற எங்க? வரிசைலதான்.”

“இன்னாங்க அங்க ஒரே கூச்சல்?”

“டிராக்டர்காரங்க சீட்டாடறாங்க.”

“வீரமுத்து?”

“தூங்கறான்.”

அப்போதுதான் ராக்கெட்டின் ஓசை எங்களை வந்தடைந்தது. ஓசையன்று அது, தரையும் இருக்கையும் என் விலா எலும்புகளும் ஒருசேர நடுங்கின.

“ஐயோ, அது இன்னா சத்தம்?”

“மில்லு சங்கு.”

“சங்கா? நான் மில்லு வாசல்லதாங்க நிக்கறேன். உங்களுக்குச் சோறு கொண்டாந்தேன். எனக்கு ஒன்னும் கேக்கலியே. வீரமுத்து என் முன்னாலதான் உக்காந்து உங்க சோத்தத் தின்னுக்கினு கீறான்.”

நான் எழ முயன்றேன். இருக்கை தலையில் இடித்தது.

“இருங்க, இருங்க… டேய் வீரமுத்து, அதோ பாருடா! அந்தக் கரும்பு லோடுக்கு மேல! ராக்கெட்டுங்க! நெருப்பு வாலு வச்சிக்கினு இன்னா அழகா போவுது! ஏங்க, நீங்களும் மில்லுலதானே இருக்கீங்க, தலையத் தூக்கிப் பாருங்க!”

அவளைச் சுற்றிலும் டிராக்டர்காரர்கள் கைதட்டி ஆரவாரிப்பது என் காதில் விழுந்தது. எனக்கு மேலே ஒரு மாடமே கைதட்டியது. நானோ இரண்டுக்கும் நடுவே, ஓர் இருக்கைக்கு அடியில், என் வாழ்நாள் விருப்பத்தை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து என் மனைவி வருணிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவாறு எழுந்து நின்றபோது வானில் புகைக்கோடு ஒன்று வளைந்து கலைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஜென்ம சாபல்யம் சார்” என்றார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் தவறாகப் புரிந்துகொண்டார்.

என் கைப்பேசியில் பதிந்திருந்தது என் கட்டைவிரல் ஒன்றே. அது மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

மறுநாள் வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் திட்டவில்லை. இலை போட்டாள், சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எப்படிக் கண்டுபுடிச்சே?”

“முந்தாநேத்து ராத்திரி செய்தில, மறுநாள் ராக்கெட்டுன்னாங்க. நேத்து காலைல நீங்க சென்ட்டு அடிச்சீங்க. இதுக்கு இன்னா படிப்பு வேணும்?”

தன் கைப்பேசியை இலைக்கு அருகில் வைத்தாள். கரும்புச் சுமைகளின் கருநிழலுக்கு மேலே, இருண்டுவரும் வானைக் கீறிக்கொண்டு, பொன்னிழை போல் எழுந்து நின்றது ராக்கெட்டின் தடம். சுமைகளின் மேலே ஏறி நின்று அண்ணாந்து பார்த்தபடி டிராக்டர்காரர்கள். குறை சொல்ல இடமில்லாத படம்.

“சரியா அந்த நேரம் பாத்துப் போன் போட்டியே, கொளஞ்சி. கொஞ்சம் பொறுத்துப் போட்டிருக்கக் கூடாதா?”

“வீரமுத்து போன்ல நேரலை ஓடிக்கினு இருந்துது. மூணு, ரெண்டு, ஒன்னுன்னாங்க. போட்டேன்.”

“நாற்பது வருஷத்து ஆசை, தெரியுமா?”

அவள் மோர் ஊற்றினாள். கிண்டல் அவள் குரலிலிருந்து இறங்கிவிட்டிருந்தது.

“கல்யாணமான புதுசுல நீங்கதானே, ராக்கெட்டு எப்படி ஏறும்னு சொம்பக் கவுத்து வச்சி எனக்குக் காட்டினீங்க? எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஒரு வார்த்த கேட்டிருந்தா, தம்பிகிட்டகூடச் சொல்லாம வந்திருப்பேன். நானே பக்கத்துல நின்னிருந்தா, அந்நேரத்துல உங்களுக்கு யாருங்க போன் போட்டிருப்பா?”

இயற்பியலில் இதற்கு விடை இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் படம் இப்போது சட்டமிடப்பட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருபவர்கள் எல்லாம் வியந்து, “ஐயா எடுத்ததா?” என்று கேட்கிறார்கள்.

ஆணி அடித்தது நான்.