தபால் வாங்காத பெரியப்பாவுக்கு

காணைக்குப் பக்கத்தில்,
பாதிச் சுவர் இல்லாத வீடு,
செவ்வாய்க்கிழமை.

மேலும் மேலும் மதிப்புக்குரிய திண்டிவனம் பெரியப்பா தேவசகாயம் அவர்களுக்கு, உங்கள் மறைந்த தம்பி நெடுஞ்செழியனின் மகள், பதினொன்றாம் வகுப்பு அஸ்வினி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். வீடு மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் மாடி, மாடி மேல் தண்ணீர்த் தொட்டி, தொட்டி மேல் நிற்கும் தகர மயில் அனைத்தும் நலமா?

முதலில் நல்ல செய்தி. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். தாத்தா கண்ணை மூடியதும் வயல் உங்களுக்கு, வீட்டு மனை அப்பாவுக்கு என்று வாயாலேயே பிரித்துக்கொண்டீர்கள். வயலை விற்க நீங்கள் கேட்ட அன்றைக்கே அப்பா கையெழுத்துப் போட்டார். மனைப் பட்டா மட்டும் இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது. புயலில் சுவர் விழுந்த பிறகு அரசாங்க வீடு கட்டும் பட்டியலில் அம்மா பேர் வந்தது. இந்த மாசத்துக்குள் பட்டா அம்மா பேருக்கு மாறாவிட்டால் அந்த வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கு உங்கள் சம்மதக் கையெழுத்து ஒன்று வேண்டும். நீங்களோ "பாக்கலாம், பாக்கலாம்" என்றே மூன்று வருஷமாய் எதையும் பார்க்கவில்லை. அதனால் சட்டத்தைத் தேடிக்கொண்டு போனோம். போன கதையைக் கேட்டால் உங்கள் ரத்தக்கொதிப்பே இறங்கிவிடும்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ஒருவரிடம் முதலில் போனோம். அவரிடம் இருப்பது ஒரே ஒரு மனு, எப்போதோ யாரோ சுடுகாட்டுப் பாதை கேட்டது. யார் வந்தாலும் பேரை மாற்றி, ஊரை மாற்றி, கடைசியில் விஷயத்தை மாற்றுவார். எங்களுக்குப் பேரை மாற்றினார், ஊரை மாற்றினார், அதற்குள் டீ வந்துவிட்டது. பத்து நாள் கழித்து ஒரு சர்வேயர் சங்கிலியோடு வந்து நின்று, "எம்மா, பாதை எந்தப் பக்கமா போவணும்? வருஷத்துக்கு எத்தினி சாவு வுழும்?" என்றார். "சாவு ஒண்ணும் இல்லீங்க, பட்டாதான்" என்றாள் அம்மா. "அப்ப சாவு வுழுந்தா சொல்லுங்க" என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் இலவச சட்ட உதவி முகாம் போட்டார்கள். முகாம் என்றால் நம் ஊருக்குத் தெரிந்தது கண் முகாம்தான். கோட்டக்குப்பத்திலிருந்து வந்த வக்கீல் சாஜிதா மேடம் நாற்காலியில் உட்கார்ந்ததும், எதிர்வீட்டுத் தென்னரசு மாமா முதல் ஆளாய்ப் போய், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, அவர் தலைக்கு மேல் தொங்கிய பேனரைக் கடைசி எழுத்துவரை படித்துக் காட்டினார்.

"நல்லாத்தான் படிக்கிறீங்க. என்ன போட்டிருக்குன்னு புரியுதா?" என்றார் மேடம்.

"அதாம்மா புரியல. பவரு ஏத்தி வுடு."

பெண்களுக்கு வக்கீல் இலவசம் என்று மேடம் சொன்னதை அம்மா நம்பவே இல்லை. இலவச மிக்சி சட்னி பாதியில் நின்றதுபோல் இலவச வக்கீலும் கேஸ் பாதியில் நின்றுவிடுவார் என்று பயந்து, அடுத்த வாரம், நீங்கள் இப்போது வேர்க்கடலை என்று சொல்லும் மல்லாட்டை ஒரு மூட்டையோடு, என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரம் கோர்ட்டுக்கு பஸ் ஏறினாள். மேடம் வேண்டாம் என்றார். "பாத்தியாடி, கேஸு புட்டுக்கிச்சு. அதான் கை நீட்டி வாங்க மாட்டேன்றாங்க" என்று கோர்ட் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பெரியப்பா, இந்த இடத்தில் மட்டும் நீங்கள் சிரிக்க வேண்டாம். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மல்லாட்டை உடைத்துத் தின்ற பிறகுதான் அம்மா வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் மேடம் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். ரெண்டு தடவையும் திரும்பி வந்தது. விசாரித்தால் தபால்காரர் போனில் புலம்புகிறார்: "அவரே வாசப்படில நின்னுக்கினு, நான் ஊர்ல இல்லன்னு எழுதிக்கோன்றாரு மேடம். நான் இன்னா பண்றது?" ஊரில் இல்லாமலே வாசலில் நிற்கும் வித்தையை எனக்கும் சொல்லித் தாருங்கள், கணக்குப் பரீட்சை வருகிறது.

ஆகவே பெரியப்பா, நாங்கள் விட்டுவிட்டோம். அம்மா கிழிந்த தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். பெரியம்மா சவுரியம்மாளுக்கு என் வணக்கம். ஆண்டவர் உங்கள் முழங்காலையும் மனசையும் ஒன்றாகவே இளக்கிக் கொடுப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்
அஸ்வினி

பின்குறிப்பு: விட்டுவிட்டோம் என்று எழுதியது, நீங்கள் இந்த வரி வரைக்கும் படிக்க வேண்டுமே என்பதற்காக. தபாலில் போடச் சொல்லி மேடம் கொடுத்ததை இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் பெரிய உறைக்குள் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முகவரியில் "குடும்பத்துடன்" என்று சேர்த்தது நான். மேடத்துக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்ப உங்களுக்குக் கை வராது என்று எனக்குத் தெரியும். ஸ்பீடு போஸ்ட் என்பதால் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். மூன்று வருஷத்தில் எங்களுக்காக நீங்கள் போட்ட முதல் கையெழுத்து, மிக்க நன்றி. அடுத்த தாளில் இருப்பது நோட்டீஸ். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு விழுப்புரம் கோர்ட்டில் சமரசப் பேச்சு. சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து ரெண்டாவது கையெழுத்தையும் போட்டுத்தர வேண்டும். மொய் வேண்டாம்.